ஷிப்ட் மாறும் வாழ்க்கையில் ஜெப ஒழுங்கு

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஷிப்டும் வாரம் மாற்றி வாரம் வேலை பார்க்கிறேன். வயது 27. நண்பர்கள் மூவரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில், தினமும் காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன், ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிப்பேன், வெள்ளிதோறும் உபவாசம் இருப்பேன் என்று பொருத்தனை பண்ணினேன். பிப்ரவரியில் லேவியராகமத்தோடு எல்லாம் நின்றுபோயிற்று. மூன்று வருடமாக இதே கதைதான். பொருத்தனையை மீறியதால் ஏதாவது சாபம் வருமோ என்று பயமாக இருக்கிறது. இரவில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறேன். அந்த உறுத்தலில் நான்கு மாதமாகத் திருவிருந்தில் சேரவில்லை. வேறு சபைக்குப் போனால் சரியாகுமா? நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவன்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரியாமல் மற்ற எதையும் நீங்கள் நிம்மதியாகச் செய்ய மாட்டீர்கள். பேதுரு மறுதலிக்கப்போகிற அந்த இரவில் இயேசு அவனிடம், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்கிறார் (லூக்கா 22:32). அவன் இன்னும் விழவே இல்லை. அதற்குள் அவன் திரும்பி வருவதையும், வந்தபின் பார்க்க வேண்டிய வேலையையும் பேசி முடித்துவிட்டார். உங்கள் இரட்சிப்பு அவருடைய அந்த வேண்டுதலில் நிற்கிறது, உங்கள் நாலு மணி அலாரத்தில் அல்ல. மூன்று வருடம் விழுந்த பிறகும் உறுத்தலோடு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவரை விசுவாசம் செத்துப்போனவர் என்று எந்த ஆயரும் சொல்ல மாட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது மோசமான ஒரு திட்டம். பகல் வேலை பார்த்து, இரவு பத்து மணிக்குத் தூங்கி, வீட்டில் மனைவி காபி போட்டுக் கொடுக்கிற ஒருவருக்கான திட்டத்தை ஷிப்ட் தொழிலாளி ஒருவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்கைப் பாருங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரம் 23, ஆண்டுக்குள் முடியும். இந்த வேகத்தில் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 ஆக 90 அதிகாரங்களும் ஜனவரி கடைசி வாரத்தில் முடிந்து லேவியராகமம் ஆரம்பிக்கும். அதற்கு முன்னாலேயே ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்து வேகம் குறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து இரவு ஷிப்ட் வாரம் வருகிறது. ஏழு நாள் விட்டுப்போகிறது. இப்போது பாக்கி 23 அதிகாரம். ஒரு அதிகாரத்துக்கு நான்கைந்து நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அடுத்த நாள் அது 26 ஆகிறது. கந்து வட்டிக் கடன் மாதிரி, அசலைத் தொடும் முன்னே வட்டி ஏறிக்கொண்டே போகும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் புத்தகத்தை மூடுகிறார்கள். அவர்களை நிறுத்தியது லேவியராகமம் என்பதைவிட பாக்கிதான் என்பேன்.

நாலு மணி ஜெபமும் அப்படியே. மாற்கு 1:35-இல் ஆண்டவர் இருட்டோடே எழுந்து ஜெபித்தார், உண்மை. அதே சுவிசேஷத்தில் நான்காம் அதிகாரத்தில் புயலடிக்கிற படகில் தலையணை வைத்துத் தூங்கவும் செய்தார். ஆறாம் அதிகாரத்தில் சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீஷர்களைச் சற்றே இளைப்பாறக் கூப்பிட்டார். இரண்டாம் ஷிப்ட் முடித்து 11 மணிக்கு அறைக்கு வந்து, 12 மணிக்குப் படுத்து, 4 மணிக்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம். இதை ஒரு வாரம் செய்தால் ஜெபத்தில் தூங்குவீர்கள். அதைவிட மோசமாக மெஷினில் தூங்குவீர்கள். விரலைப் பறிகொடுக்கிற பக்தியை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

அதனால் கடிகார நேரத்தை விடுங்கள். ஜெபத்தை ஒரு செயலோடு கட்டுங்கள். எந்த ஷிப்டிலும் மாறாமல் நடக்கிற ஒன்று வேண்டும். உங்களுக்கு அது குளியல். குளித்தவுடன், சட்டை போட்டவுடன், சாப்பாட்டுக்கும் போனுக்கும் முன்னால் 15 நிமிடம். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் காலையில் எழுந்து குளித்தபின். இரவு ஷிப்ட் வாரத்தில், பகல் தூக்கம் முடிந்து பிற்பகல் எழுந்து குளித்தபின். காலையில் வேலை முடித்து வந்த கையோடு உட்காராதீர்கள், அப்போது உடம்பு ஒத்துழைக்காது. முதல் ஷிப்ட் வாரம்தான் சிக்கல். நாலேகாலுக்கு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நேரத்தில் எதுவும் நடக்காது. அந்த வாரத்துக்கு மட்டும் வேலை முடித்து வந்து குளிக்கிற குளியலை வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் சாப்பிட்டால் கண் சொக்கும். ஒரு டீயோடு நிறுத்தி, 15 நிமிடம் முடித்து, பிறகு சாப்பிடுங்கள். காலையில் பஸ்ஸில் ஒலி வேதாகமத்தில் ஒரு சங்கீதம் கேட்டால் போதும்.

இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது, 134. மூன்றே வசனம். இராக்காலங்களில் ஆலயத்தில் நின்று வேலை பார்த்த லேவியருக்கானது. மனப்பாடம் செய்து, இரவு பஸ் ஏறும்போது சொல்லுங்கள்.

அந்தப் 15 நிமிடத்தில் என்ன செய்வது? ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு அதிகாரம், வாய்விட்டு, மெல்லிய குரலில். அதில் நின்ற ஒரு வசனத்தைத் திரும்ப ஒருமுறை. பிறகு கர்த்தருடைய ஜெபத்தின் ஆறு விண்ணப்பங்களையும் (லுத்தரன் சபையார் ஏழாக எண்ணுவார்கள்) ஒவ்வொன்றாக நிறுத்தி, அதன்கீழ் உங்கள் காரியத்தைச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம். ‘அன்றன்றுள்ள ஆகாரம்’ என்ற இடத்தில் சம்பளமும் வீட்டுக்கு அனுப்புகிற பணமும் வரும். ‘எங்கள் கடன்களை மன்னியும்’ என்ற இடத்தில் நேற்று இரவு வரும். சூப்பர்வைசர் மேல் இருக்கிற கோபமும் அங்கேயே வரும், அடுத்த வரி அவரைப் பற்றியதுதானே. மீதி நேரத்தில் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

மனம் அலையும். எல்லாருக்கும் அலையும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். ‘கேஸ் புக் பண்ணணும்’ என்று தோன்றினால் அதில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். குறிக்காமல் அடக்கப் பார்த்தால் அது ஐந்து நிமிடமும் கூடவே உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கிற பழக்கம் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குச் சரிவராது. நின்று அல்லது நடந்து, உதடு அசைய ஜெபியுங்கள். அறையில் மற்றவர்கள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள். வேதாகமம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். போனில் வாசித்தால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.

வாசிப்புக்குப் புதிய ஏற்பாட்டை எடுங்கள். அதில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து வீதம் 52 வாரத்தில் சரியாக முடியும். வாரத்தில் இரண்டு நாள் காலியாகவே இருக்கும். விட்டதைப் பிடிக்க அந்த இரண்டு நாள். அதிலும் பிடிக்க முடியாவிட்டால் விட்டதை விட்டுவிட்டு, அன்றைய அதிகாரத்துக்குப் போங்கள். பாக்கி சேர்க்கக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் ஒரே சட்டம். மாற்கிலிருந்து தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். லேவியராகமத்தை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லவில்லை. எபிரெயர் 9, 10 வாசிக்கிற வாரத்தில் லேவியராகமம் 16-ஐப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பிறகு 19, 25. அந்த வழியாக நுழைந்தவருக்கு மிச்ச அதிகாரங்கள் அவ்வளவு வறட்சியாகத் தெரியாது.

ஆறு வாரத்துக்கு 15 நிமிடத்தைக் கூட்டாதீர்கள். மூன்று ஷிப்டும் இரண்டு முறை சுற்றிவர ஆறு வாரம் ஆகும். இரண்டாவது சுற்றின் இரவு ஷிப்ட் வாரத்தில் குறைந்தது நான்கு நாள் நடந்திருந்தால் ஐந்து நிமிடம் சேர்க்கலாம். ஊக்கம் வந்த முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரமாக்கத் தோன்றும். அந்த ஊக்கத்தை நம்பித்தான் மூன்று வருடமாக ஏமாந்திருக்கிறீர்கள்.

ஷிப்ட் மாறுகிற நாள், ஊருக்குப் போகிற நாள், காய்ச்சல் நாள் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள்: ஒரு சிறு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம் ஒருமுறை. மூன்று நிமிடம். அந்த நாள் ‘தவறிய நாள்’ இல்லை, அதுவும் கணக்கில் சேரும். அதுவும் இல்லாமல் போகிற நாட்கள் வரும். அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், ஏனென்றால் விழுந்து கிடக்கிற நேரத்தில் யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. இப்படி எழுதலாம்: ‘விட்டுப்போனால் அடுத்த குளியலுக்குப் பின் மறுபடியும் தொடங்குவேன். திங்கட்கிழமைக்காகவோ ஒன்றாம் தேதிக்காகவோ காத்திருக்க மாட்டேன். தொடங்குமுன் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்பேன். அரை மணி நேரம் அழ மாட்டேன்.’ கடைசி வரி கடுமையாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பெரிய மனஸ்தாபக் கூட்டம் நடத்த வேண்டும் என்றால், அதற்குப் பயந்தே திரும்புவதைத் தள்ளிப்போடுவீர்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்கிற வசனம் (நீதிமொழிகள் 24:16) விழுந்த கணக்கையும் வைத்துக்கொண்டுதான் அவனை நீதிமான் என்கிறது.

காலண்டரில் டிக் அடிக்கிறீர்கள் என்றால் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள்; நாற்பதாம் நாள் அறுந்தால் எல்லாம் போனது போலத் தோன்றும். விட்ட நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். இதுவரை அந்த இடைவெளி பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை பத்து மாதம். அது ஒரு வாரமாகி, இரண்டு நாளாகச் சுருங்கினால் எபிரெயர் 12 சொல்கிற ‘பொறுமையோடே ஓடுவது’ உங்களில் நடக்கிறது என்று அர்த்தம்.

இனி பொருத்தனை. பொருத்தனை பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதியாதே, பண்ணிச் செலுத்தாமல் போவதைவிடப் பண்ணாமல் இருப்பதே நலம் என்கிற பிரசங்கி 5:4-5 உங்களைப் பயமுறுத்துகிறது. பயத்தில் நியாயம் இருக்கிறது. தேவனிடம் சொன்ன வார்த்தை லேசானதல்ல. ஆனால் நீங்கள் நின்றுபோன அந்த லேவியராகமத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 27-ஆம் அதிகாரம் பெரும்பாலும் பொருத்தனைகளைப் பற்றியது. அதன் எட்டாம் வசனம், நிர்ணயித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழை ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும், அவனுடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் அதை மறுபடி மதிப்பிட வேண்டும் என்கிறது. பொருத்தனை பண்ணியவன் ஓடி ஒளியவும் இல்லை, நொறுக்கப்படவும் இல்லை. வந்து நின்றான், தொகை குறைக்கப்பட்டது. நீங்களும் அதையே செய்யுங்கள். உங்கள் ஆயரிடம் போய், இன்னது பொருத்தனை பண்ணினேன், என் வேலை இப்படி, இவ்வளவுதான் முடிகிறது என்று சொல்லி, அவரோடு சேர்ந்து ஜெபித்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிறிஸ்து அதைச் சுமந்து தீர்த்துவிட்டார் (கலாத்தியர் 3:13). ஒரு வேண்டுகோள் மட்டும்: வருகிற டிசம்பர் 31 இரவில், கூட்டத்தின் உணர்ச்சியில், புதிதாக எந்தப் பொருத்தனையும் பண்ண வேண்டாம். அந்த இரவில் நன்றி சொல்லுங்கள், வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

போன் விஷயத்தில் நீங்கள் விழுகிற நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தபின், 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், களைப்பாக, படுக்கையில், விளக்கு அணைந்தபின் இருக்கும். அந்த நான்கில் ஒன்றை உடைத்தால் பாதி வேலை முடியும். எளிதாக உடைவது படுக்கை. சார்ஜரை அறைக்கு வெளியே, ஹாலிலோ சமையல் மேடையிலோ வையுங்கள்; எழுப்புவதற்குச் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். வந்ததும் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, நேரே படுங்கள். ‘பத்து நிமிடம் பார்த்துவிட்டு’ என்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது. இவ்வளவு செய்தும் விழுவீர்களானால், ஒரு மனிதரிடம் சொல்லாமல் இது போகாது. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது சும்மா அல்ல.

அந்த ஒருவர் யார்? ஆண், உங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர், திருமணமானவராக இருந்தால் நல்லது, உங்கள் கம்பெனியில் உங்கள் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. அறை நண்பர் வேண்டாம். இருவரும் சேர்ந்து விழுந்து, ‘பரவாயில்லைடா’ என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதில் முடியும். வாட்ஸ்அப் குழு அறவே வேண்டாம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போனில். நேரத்தை உங்கள் ஷிப்டைப் பார்த்து ஞாயிறன்றே குறித்துவிடுங்கள். அவர் மூன்றே கேள்வி கேட்கட்டும்: இந்த வாரம் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள், எங்கே விழுந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள். அவர் போலீஸ்காரராக மாறினால் நீங்கள் பொய் சொல்ல ஆரம்பிப்பீர்கள், அதனால் மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம் என்று அவரிடமே சொல்லி வையுங்கள். ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் சபையில் இந்த ஏற்பாடு 1742-இல் பிரிஸ்டலில் கிட்டத்தட்டத் தற்செயலாகப் பிறந்தது. ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்ட, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்தார்கள். காசுக்காக வீடு வீடாகப் போனவர்களுக்கு யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது தெரிய வந்தது. அந்த வாராந்தர விசாரிப்பே பிறகு ‘கிளாஸ்’ கூட்டமாயிற்று. மெதடிஸ்ட் இயக்கம் வேரூன்றியதில் பிரசங்கத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அதற்கும் உண்டு என்பது என் கணிப்பு.

திருவிருந்துக்குப் போகாமல் இருப்பது தவறான மருந்து. 1 கொரிந்தியர் 11:28, தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்தறிந்து ஒதுங்கியிருக்கக்கடவன் என்று சொல்லவில்லை. பாவத்தைப் பிடித்துக்கொண்டே விடமாட்டேன் என்பவருக்கு அந்த எச்சரிக்கை. வெறுத்து, அறிக்கையிட்டு, விட வழி தேடுகிறவருக்கு அந்தப் பந்தி பெலன். ஆயரிடம் பேசிவிட்டு, அடுத்த திருவிருந்திலேயே சேருங்கள்.

சபை மாற்றம்? நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, தனிமையில் ஜெபிக்கிறவர்களைத் தாக்குகிற சலிப்பைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். காலை பத்து மணி சுமாருக்கு வரும். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். துறவி ஜன்னலை எட்டிப் பார்ப்பார். இந்த இடம் சரியில்லை, இங்கே அன்பில்லை, வேறிடம் போனால் கடவுளை நன்றாகத் தேடலாம் என்று மனம் சொல்லும். சபையில் துர்ப்போதனையோ பணமோசடியோ இருந்தால் மாறுவது நியாயம். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆறு வாரம் இருந்த இடத்திலேயே இருந்து பாருங்கள். ஞாயிறு வேலை நாளாக அமைகிற வாரத்தில் மாலை ஆராதனைக்கோ, வார நாள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கோ போங்கள்.

உபவாசம் நல்லது; ஆனால் உங்கள் வெள்ளிக்கிழமை ஏற்பாடு ஆபத்தானது. இரவு ஷிப்டிலும் மெஷின் முன் நிற்கிற நாளிலும் வேண்டாம். வார விடுமுறை நாளில், மாதம் இரண்டு முறை, ஒரு வேளை உணவை மட்டும் விடுங்கள். தண்ணீர் குடியுங்கள். வெஸ்லிகூட உபவாச நாட்களில் பிற்பகல் மூன்று மணியோடு முடித்துக்கொள்வது வழக்கம். சாப்பிட எடுக்கும் அரை மணி நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள், அந்தச் சாப்பாட்டுக் காசை இல்லாத ஒருவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58 அதைத்தான் கேட்கிறது. முடிக்கும்போது கஞ்சி அல்லது இட்லி, பிரியாணி அல்ல. சர்க்கரை நோய், வயிற்றுப்புண், தினசரி மாத்திரை ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். விடுமுறையிலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் சந்தோஷம் இல்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ஆவிக்குரிய சோர்வு என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். மாறும் ஷிப்டே உடம்பையும் மனதையும் இப்படிக் கெடுக்கக்கூடியது. சூரைச்செடியின் கீழ்ச் சாவைக் கேட்ட எலியாவுக்கு, தேவன் பேசுமுன் இரண்டு தரம் தூக்கமும் இரண்டு தரம் சாப்பாடும் கிடைத்தது (1 இராஜாக்கள் 19).

ஆயரிடம் பேச வேண்டியவை இரண்டு: பொருத்தனை, திருவிருந்து. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்குகிற வாசலில் இதை ஆரம்பிக்க முடியாது. வார நாளில் போன் செய்து, அரை மணி நேரம் தனியாக வேண்டும் என்று கேட்டு, உங்கள் ஷிப்ட் நேரத்தையும் சொல்லி, தேதி வாங்கிக்கொண்டு போங்கள்.